அடுத்த வருஷத்துக்கு எத்தனை பொட்டி

நீலம்பூர் யார்டு,
16.6.1998

அன்புத் தங்கை அன்புக்கரசிக்கு,

அண்ணன் எழில் எழுதுகிறேன். நலமா என்று நான் கேட்டால் நீ நலம் என்பாய். நீ கேட்டால் நானும் அதையேதான் சொல்ல வேண்டும். அதனால் அந்தப் பகுதியை ரெண்டு பேரும் விட்டுவிடலாம். பிப்ரவரியில் கோயமுத்தூரில் குண்டு வெடித்த அன்று கம்பெனி போனுக்குக் கூப்பிட்டு, "எல்லாரும் இருக்கீங்கல்ல?" என்று கேட்டாய். அதோடு சரி, உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை.

ஒரு காலிக் கண்டெய்னருக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மணி பதினொன்று. வேலை நேரம்தான், வேலைதான் இல்லை. யார்டில் காலிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நாலு அடுக்கு ஏற்றியும் இடம் போதாமல் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் வரைக்கும் வைத்துவிட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து காலியாக வந்ததெல்லாம் காலியாகவே நிற்கிறது. போன வருஷம் இந்நேரம் நூல் அட்டைப்பெட்டிகளை ஏற்றி ஏற்றி ராத்திரி கையைத் தூக்கிச் சோறு உண்ண முடியாது. இப்போது வாரத்தில் மூன்று நாள் கூப்பிடுகிறார்கள். மற்ற நாள் வாட்ச்மேன் தூரத்திலேயே கையை ஆட்டிவிடுகிறான்.

உனக்குத் தெரியாததைச் சொல்லவில்லை, ஆனால் நீ மறந்திருப்பாய். தொண்ணூற்றாறு மார்கழியில் வீட்டுக்கு வந்தாய். அடுத்த வருஷத்துக்கு எத்தனை கண்டெய்னர் வேண்டும் என்று கம்பெனிக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதே எங்கள் பாப்பாதான் என்று அம்மா வளவுத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் நம் சனம் உன்னைச் சுற்றிக்கொண்டு, "ஏம்மணி, இந்தப் பொட்டி ஏத்தற சோலி நிக்குமா?" என்று கேட்டார்கள். "நிக்குமுங்க. இன்னும் அஞ்சு வருசத்துக்கு ஏறிக்கிட்டேதான் போகுமுங்க" என்றாய். அந்தத் தையில் நாங்கள் பதினொரு பேர் அங்கப்பன் பண்ணாடியின் தோட்டத்து வாசலில் போய் நின்றோம். இனிமேல் வருஷக் கூலிக்கு ஆளுக்காரனாகப் பண்ணயத்தில் இருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். நம் அப்பனும் அப்பனுக்கு அப்பனும் சொல்லாத பேச்சு. எல்லாருக்கும் முன்னால் நின்று சொன்னவன் நான்.

நேற்றுப் பொழுதோடு சூலூர் பஸ் ஸ்டாப்பில் பண்ணாடி மொபெட்டை நிறுத்தினார். கோபமெல்லாம் இல்லை. சிரித்தார். "என்றா எழிலு, பொட்டிக் கம்பெனி படுத்துருச்சாமா? வெசனப்படாதே. தோட்டம் எங்க போயிரப் போகுது, எப்ப வேணாலும் வா" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது ராத்திரி தூங்கியிருப்பேன்.

யார்டு நிற்குமா, மூடுவார்களா? மூடினால் பதினொரு பேரும் அந்த வாசலுக்குத்தான் போக வேண்டும். அதை மட்டும் எழுது.

அண்ணன்
எழில்


சென்னை,
27.6.1998

அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் உன் மேல்தான் கோபம் வந்தது. அன்று கோயில் முன்னால் நான் சொன்னது, "இப்படியே போச்சுன்னா ஏறும்" என்று. அந்த "இப்படியே போச்சுன்னா"வை நீங்கள் எல்லாரும் கோயில் வாசலிலேயே உதறிப்போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போனீர்கள். அப்புறம் நீ ஒவ்வொரு வாசலாகப் போய், "என்ற தங்கச்சி சொன்னா நடக்கும்" என்று வேறு சொல்லியிருக்கிறாய். அம்மாவே சொன்னது.

என் வேலை ஜோசியம் இல்லை, அண்ணா. கோவையிலிருந்து மாதாமாதம் எத்தனை பெட்டி நூல் போனது, எத்தனை பெட்டி பம்புசெட்டு போனது என்று பழைய வருஷங்களைப் பார்க்கிறேன். எந்த மாதம் ஏறும், எந்த மாதம் இறங்கும் என்று அதில் தெரியும். அதன்பிறகு மில் மில்லாகப் போய், அடுத்த வருஷம் எத்தனை அனுப்புவீர்கள் என்று முதலாளிகளையே கேட்கிறேன். ரெண்டையும் சேர்த்து ஓர் எண் கொடுக்கிறேன். அதை நம்பித்தான் காலிப் பெட்டி வருகிறது, இடம் பிடிக்கிறார்கள், ஆள் எடுக்கிறார்கள். எண் குறைந்துபோனால் பெட்டி கிடைக்காமல் சரக்கு ரோட்டில் நிற்கும். கூடிப்போனால் நீ உட்கார்ந்து கடிதம் எழுத நிறையப் பெட்டி கிடைக்கும்.

கொரியாவிலும் தாய்லாந்திலும் பணம் மதிப்பிழந்து, அங்கே நம் நூலை வாங்கியவர்கள் கையைச் சுருட்டிக்கொண்டார்கள். அது எந்த மில் முதலாளிக்கும் முன்கூட்டித் தெரியாது. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

யார்டைப் பற்றிக் கேட்டாய். மேனேஜர் பாலகோபால் சார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த இடத்தின் குத்தகை தையோடு முடிகிறது. அடுத்த வருஷம் மாதம் இருநூற்றைம்பது பெட்டிக்குக் குறையாமல் சரக்கு வரும் என்று என் கணக்கு சொன்னால் இன்னொரு வருஷத்துக்குப் பிடிப்பார்கள். குறைந்தால் மூடிவிட்டுப் பெட்டிகளைத் தூத்துக்குடிக்கே அனுப்பிவிடுவார்கள். அக்டோபர் கடைசிக்குள் நான் கணக்குக் கொடுக்க வேண்டும். இப்போதைக்கு வேறெதுவும் எனக்குத் தெரியாது.

அன்புக்கரசி


நீலம்பூர்,
22.7.1998

அம்மணி,

உன் கடிதத்தை நம் ஆட்களுக்குப் படித்துக் காட்டவில்லை. பாதி எனக்கே புரியவில்லை, புரிந்த பாதி நன்றாக இல்லை.

ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. உன் கணக்குத் தப்பினதற்கு உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தப்பு என்று தெரிவதற்கு முன்னாலேயே கெட்டிக்காரி என்று மெச்சி மெட்ராசுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். உனக்குத் தப்பினால் மெட்ராஸ், எங்களுக்குத் தப்பினால் அங்கப்பன் தோட்டம். இதை யாராவது எனக்கு விளக்கிச் சொல்லட்டும்.

மருதாசலம் போய்விட்டான். முந்தாநாள். ஆடி பிறந்ததும் யார்டில் ரெண்டு நாளாகக் குறைத்துவிட்டார்கள். அவன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். பண்ணாடி ஒரு வார்த்தை ஏச்சுப் பேசவில்லையாம். "வா மருதாசலம், வெங்காயக்காட்டுக்குத் தண்ணி கட்டோணும்" என்றாராம். கம்பெனி கொடுத்த பூட்சோடு போயிருக்கிறான். கழற்று என்று யாரும் சொல்லவில்லை. தோட்டத்து வாசல் வந்ததும் இவன்பாட்டுக்கு உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, ரெண்டு பூட்சையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். "ஏண்டா கழட்டுனே?" என்று கேட்டேன். "தெரியலீங்கண்ணா, காலு தானா நின்னுபோச்சு" என்கிறான். அவனை அடிக்கலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை.

அம்மணி, எனக்குத் தோன்றியதைக் கேட்டுவிடுகிறேன். நீ கூட்டிப் போடேன். இருநூற்றைம்பது என்று ஒரு எண்தானே? முதலாளிமாரெல்லாம் ஒன்றுக்கு ரெண்டாகச் சொல்லித்தானே போன தடவை நீ ஏமாந்தாய். இந்தத் தடவை எங்களுக்காகச் சொல். ஒரு வருஷம் நின்றால் போதும், நிலைமை மாறாமலா போகும்? உன் பேனாவில் இருக்கிறது, நீ எழுதினால் பத்துக் குடும்பம் நிற்கும்.

எழில்


சென்னை,
9.8.1998

அண்ணா,

நீ கேட்டது என்ன என்று தெரிந்துதான் கேட்டாயா? நாளைக்கு இந்தச் சீட்டில் வேறொருத்தி நம் வளவிலிருந்து வந்து உட்கார வேண்டுமென்றால், நான் நேராக நடந்துகொண்டால்தான் முடியும். இந்த ஆபீசில் என் ஊரைக் கேட்டவர்கள், தெருவைக் கேட்டார்கள். அதற்குமேல் கேட்காமல் நிறுத்திக்கொண்டார்கள். கேட்காமலே தெரிந்துகொண்டார்கள். நான் ஒரு தப்புச் செய்தால் அது என் தப்பாக நிற்காது. இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

கோபத்தோடு கோபமாகப் பழைய காகிதக் கட்டையும் எடுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றாறில் நாற்பது மில்லுக்குப் போயிருக்கிறேன். அடுத்த வருஷம் குறையும் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஒருத்தர்கூட! படித்த படிப்புக்கு அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் போனது ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து மூன்று நாள். முதலாளிகள் எல்லாரும் மில்லிலேயே இருப்பார்கள், பார்க்க வசதி என்று நானேதான் அந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தேன். கேட்டில் பூசணிக்காய் உடைத்த சிவப்பு காயவில்லை. மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பீளமேட்டுப் பக்கத்து மில் கோவிந்தராஜுலு ஐயா பொரியும் சுண்டலும் கையில் கொடுத்துவிட்டு, "போன வருசம் நாப்பதுங்கம்மா, வர்ற வருசம் அறுபதுன்னு எழுதிக்குங்க" என்றார். அவர் திட்டம் சொல்கிறார் என்று நினைத்து எழுதிக்கொண்டேன். அவர் வாயில் நல்ல வார்த்தை வைத்திருக்கிறார். சாமி கும்பிட்ட கையோடு எந்த மனுஷன் "எனக்குக் குறையும்" என்று சொல்லுவான்? பானையில் அரிசி தீர்ந்த அன்று நம் அம்மா "அரிசி இல்லை" என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கிறதா? "நெறைஞ்சிருக்குது, வாங்கியாரோணும்" என்றுதானே சொல்லும். வெளியூர்க்காரன் எவனாவது இந்தக் கணக்கை எடுத்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். அந்தப் பானைச் சோற்றைத் தின்ற நான் செய்தேன்.

இந்தத் தடவை பூஜைக்கு முன்னாலேயே, ஆவணியில் வருகிறேன். சாதாரண நாளில், சாதாரணமாகக் கேட்கப் போகிறேன். உண்மையாகவே இருநூற்றைம்பது வந்தால் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். கூட்டிப் போடச் சொல்லி இன்னொரு முறை எழுதாதே.

மருதாசலத்தை எதுவும் சொல்லாதே.

அன்புக்கரசி


நீலம்பூர்,
13.9.1998

அன்புக்கரசிக்கு,

நீ வந்துவிட்டுப் போய்விட்டாய்.

நம் பாலுசாமி மகன் பீளமேட்டில் உன்னைப் பார்த்திருக்கிறான். வெள்ளைக் காரிலிருந்து இறங்கினாயாம், கையில் பை, கழுத்தில் அடையாள அட்டை. அவன் ஓடி வந்து வளவில் சொன்னதும் அம்மா கோழி அடித்துவிட்டது. பண்டிகைக்கென்று நிறுத்தி வைத்திருந்த சேவல். ராத்திரி வரைக்கும் வாசலில் சனம். மூன்று நாள் கோயமுத்தூரில் இருந்திருக்கிறாய். ஓட்டலில் தங்கினாயா? சூலூருக்கு இருபது நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது, அது உனக்கு மறந்துவிட்டதா?

மூன்றாம் நாள் அம்மாவே ஆட்களைப் பார்த்து, "பாப்பாளுக்குச் சோலி சாஸ்தி, போயி அவங்கவங்க ஊட்டுல உண்ணுங்க" என்று சொல்லி அனுப்பியது. அப்புறம் என்னிடம், "எத்தன போட்டாளாமா?" என்று மட்டும் கேட்டது. என்ன சொல்லட்டும்? அம்மாவுக்கு இருநூற்றைம்பது என்ற எண் பாடமாகிவிட்டது. வளவில் எல்லாருக்கும் பாடம். குழந்தைகள்கூட ரோட்டில் போகிற லாரியில் பெட்டி ஏற்றியிருந்தால் எண்ணுகிறார்கள்.

போன கடிதத்தில் கேட்டதற்காகக் கோபம் என்றால் கோபப்படு. அதற்காக ஊருக்கு வந்து வீட்டுக்கு வராமல் போகிற பழக்கம் வேண்டாம். ஒறம்பரையாட்டம், ஒரு விருந்தாளி மாதிரிகூட வராமல் போனால் நாங்கள் உனக்கு என்ன?

ஆட்கள் இப்போது எட்டுப் பேர்தான். மருதாசலத்துக்கு அப்புறம் ரெண்டு பேர் போய்விட்டார்கள்.

எழில்


சென்னை,
11.10.1998

அண்ணா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சேவல்தான் ஞாபகம் வந்தது.

நான் வராததற்குக் காரணம் சோலி இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சூலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். சிங்காநல்லூரில் இறங்கிவிட்டேன். பைக்குள் எண் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அம்மா முன்னால் வந்து உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் மாற்றிவிடுவேன் என்று பயம்.

சாதாரண நாளில் கேட்டால் சாதாரணமாகச் சொல்வார்கள் என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். கோவிந்தராஜுலு ஐயா மில்லில் மூன்று கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. "என்னங்கய்யா பூட்டியிருக்குது?" என்றேன். "சுத்தம் பண்றதுக்குங்கம்மா" என்றார். பூட்டில் துரு ஏறியிருந்தது. "அடுத்த வருசம் எத்தனைங்கய்யா?" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அறுபத்தஞ்சுன்னு போட்டுக்குங்க" என்றார். எந்த நாளில் கேட்டாலும் அவர் அப்படித்தான் சொல்வார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வெளியே வந்து கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு, ராத்திரி ஷிப்டுக்கு எத்தனை டீ போகிறது என்று சும்மா கேட்டேன். கேன்டீன்காரர் பட்டென்று சொன்னார். போன வருஷம் போனதில் பாதிகூட இல்லை. அதற்கப்புறம் எந்த மில்லிலும் முதலாளியிடம் மரியாதைக்கு ஒரு எண் வாங்கிக்கொண்டு, கேன்டீனில் ராத்திரி டீயைக் கேட்டேன். மிஷின் ஓடினால்தானே ராத்திரி ஆள் இருக்கும், ஆள் இருந்தால்தானே டீ.

அப்படிக் கூட்டிப் பார்த்ததில் மாதம் நூற்றிருபது பெட்டி வருகிறது. எப்படி இழுத்தாலும் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. நாற்பது மில்லிலும் ஒவ்வொருத்தரும் கூடும் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே கூட்டினால் முந்நூறு வரும். ரெண்டு எண்ணும் என் மேஜையில் இருக்கிறது. பாலகோபால் சார் முப்பதாம் தேதி கேட்டிருக்கிறார்.

நான் நூற்றிருபதைத்தான் கொடுக்கப் போகிறேன். உனக்கு முதலிலேயே தெரியட்டும் என்று எழுதுகிறேன். என்னைத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஆட்களை இப்போதிருந்தே வேறு வேலை பார்க்கச் சொல்.

அன்புக்கரசி


22.10.1998

அம்மணி,

திட்டவில்லை. நீ படித்தவள், உனக்குச் சரி என்று பட்டதைச் செய்.

தீபாவளி முடிந்த மறுநாள் விடிகாலையில் எழுந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். அங்கப்பன் தோட்டத்துக்கு வெங்காயம் பிடுங்கப் போய்விட்டது. "நீ போகாம இருக்கோணும்னா ஆராச்சும் போகோணுமல்ல, கண்ணு" என்கிறது. முட்டி மடங்காது அதற்கு. உட்கார்ந்துகொண்டே நகர்ந்து நகர்ந்து பிடுங்குகிறது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

எழில்


சென்னை,
31.10.1998

அண்ணா,

முந்நூறு என்று கொடுத்துவிட்டேன்.

பாலகோபால் சார் மில்வாரியாகப் பார்த்தார். ஒவ்வொரு மில்லும் சொன்னதாக நான் எழுதியிருந்த எண் அவர்கள் சொன்னதுதான், அதில் ஒரு பொய்யும் இல்லை. டீக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டேன். "நல்லா செஞ்சிருக்கீங்க அன்பு" என்றார். அதைக் கேட்டதும் பாத்ரூமுக்குப் போய் நின்றுகொண்டேன்.

இப்போது நான் எழுதுவதைக் கவனமாகப் படி. போன தடவை போல "இப்படியே போச்சுன்னா"வைக் கீழே போட்டுவிடாதே. யார்டு ஒரு வருஷம் நிற்கும். ஒரே ஒரு வருஷம். பங்குனி சித்திரையிலேயே பெட்டி வரவில்லை என்று இங்கே தெரிந்துவிடும். குத்தகை போட்டுவிட்டதால் மட்டும் வருஷ முடிவு வரை ஓட்டுவார்கள். அதற்கப்புறம் என்னையும் கேட்பார்கள், யார்டையும் மூடுவார்கள். இந்த ஒரு வருஷம் வேறு வேலை தேடிக்கொள்வதற்கு மட்டும். பல்லடம் பக்கம் விசைத்தறி இருக்கிறது, திருப்பூரில் சாயப்பட்டறை இருக்கிறது, லாரி ஓட்டப் பழகலாம். எட்டுப் பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து ஒரு வருஷம்தான் என்று நீ சொல்ல வேண்டும். புதிதாக ஒருத்தரும் இதை நம்பிப் பண்ணயத்தை விடக் கூடாது. என் தலை மேல் அடித்துச் சத்தியம் செய்துகொடு.

அம்மாவை நாளையிலிருந்து வீட்டில் நிறுத்து.

அன்புக்கரசி


சூலூர்,
7.2.1999

என் கண்ணு அன்புக்கரசிக்கு,

உன் அக்டோபர் கடிதத்துக்கு இப்போதுதான் பதில். எழுத வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் எழுதியே தீர வேண்டும்.

குத்தகை போட்ட சேதி கார்த்திகையில் யார்டுக்கு வந்தது. அன்று வளவில் பட்டாசு வெடித்தார்கள். ஒரு வருஷம்தான் என்று சொல்லவா அந்த நேரத்தில்? மார்கழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மார்கழியில் மருதாசலமும் மற்ற ரெண்டு பேரும் பண்ணாடியிடம் சொல்லிவிட்டு யார்டுக்குத் திரும்பி வந்தார்கள். மருதாசலம் பூட்சைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். பொங்கல் கழியட்டும் என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு மூன்றாம் நாள் அங்கப்பன் பண்ணாடி நம் வளவுக்குள் வந்தார். நடந்து வந்தார். எனக்குத் தெரிந்து அவரோ அவர் அப்பாவோ ரோட்டிலிருந்து கூப்பிடுவார்களே தவிர உள்ளே வந்ததில்லை. நேராக நம் வீட்டு வாசலுக்கு வந்து, நான் போட்ட கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து நின்றது, கொடுக்கலாமா என்று தெரியாமல். அவர் கையை நீட்டி வாங்கினார். அண்ணாந்து குடிக்கவில்லை அம்மணி, வாயை வைத்துக் குடித்தார். வளவே வந்து நின்றுவிட்டது.

பண்ணாடி கேட்டார்: "எழிலு, ஒளிவுமறைவு இல்லாம ஒண்ணு சொல்லு. இந்தப் பொட்டிச் சோலி எத்தனை வருசத்துக்கு நிக்கும்? உங்க ஆளுக திரும்பி வருவாங்கன்னா நான் மஞ்சளும் வெங்காயமும் வெக்கோணும். வரமாட்டாங்கன்னா வேற ரோசனை பண்ணோணும். உன்ற தங்கச்சிதான கணக்குப் போடுது, உனக்குத் தெரியாம இருக்காது."

நீ மில் மில்லாகப் போய்க் கேட்டாயே, அதே கேள்வியை அவர் என்னிடம் வந்து கேட்டார். நீ எழுதினது எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. ஒரே ஒரு வருஷம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்தில் மருதாசலம் நிற்கிறான். அந்தப் பக்கம் அம்மா. எதிரே அந்த மனுஷன் நம் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். என் வாழ்நாளில் என் பதிலுக்காக அவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. ஒரு வருஷத்தில் உங்கள் வாசலுக்கு வந்துவிடுவோம் என்று அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்?

"பத்து வருசத்துக்கு அசையாதுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்பச் சரி. ஆளை நம்பி இனிப் பண்ணயம் ஆகாது. பன்னண்டு ஏக்கராவுக்கும் தென்னை வெச்சுப்போடறேன். ரெண்டாளு இருந்தாப் போதும்" என்றார். சொம்பை அம்மா கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். நம் ஆட்கள் அன்று ராத்திரி என்னைத் தோளில் தூக்கினார்கள். மேல்வளவிலிருந்து இன்னும் ஒன்பது பேர் பண்ணயத்தை விட்டுவிட்டார்கள். யார்டில் சேர்த்துவிடு என்று தினமும் வாசலில் நிற்கிறார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் ஆனைமலைப் பக்கமிருந்து லாரியில் கன்று வந்து இறங்கியது. மஞ்சள் காடு, வெங்காயக் காடு, கிணற்று மேடு எல்லாவற்றிலும் குழி எடுத்தாயிற்று. யார்டில் வேலை இல்லாத நாளில் குழி எடுத்தது நம் ஆட்கள்தான், மருதாசலமும் எடுத்தான். இனி இந்தக் காட்டில் நமக்கு வேலையில்லை என்று பாட்டுப் பாடிக்கொண்டே எடுத்தார்கள். நான் வரப்பில் நின்று பார்த்தேன். அடுத்த தையில் யார்டு மூடினால் அந்த வாசலுக்குக்கூட யாரும் திரும்ப முடியாது. அம்மாவுக்குக்கூட அங்கே பிடுங்க வெங்காயம் இருக்காது.

நீ சத்தியம் கேட்டாய். நான் காப்பாற்றவில்லை. வந்து என்னை அடி. ஆனால் வருகிற அக்டோபரில் கணக்குக் கொடுக்கும்போது டீயைக் கேட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போகாதே. இருபது குடும்பம் ஆகிவிட்டது. இனி வருஷா வருஷம் நீ கூட்டித்தான் போட வேண்டும், அம்மணி.

அண்ணன்
எழில்